பிலோமினாவுக்குச் சொன்ன அர்த்தங்கள்

ஜூலை 13, ஞாயிறு

எழுத்துகள் கோட்டை விட்டு மேலும் கீழும் போகின்றன. நாட்குறிப்புக் கொப்பியே, பொறுத்துக்கொள். எழுபத்தெட்டு வயதில் எழுதப் பழகிய கை இது. ஆனாலும் எழுதுகிறேனே!

மகள் ரெஜினா இன்று ரோவில் கடையொன்றிலிருந்து பழைய இசைத்தட்டு பிளேயர் ஒன்று கொண்டுவந்தாள். அறுபதுகளின் கடைசியில், கப்பலில் வேலை செய்தபோது நான் வாங்கிய ஆங்கில இசைத்தட்டைப் போட்டோம். கிற்றார் பின்னோக்கி ஓடுவது போல ஒலிக்கும் தட்டு.

கலியாணம் பேசியபோது பிலோமினாவிடம், ஆங்கிலத்தில் படித்தவன், அதனால் தமிழ் வாசிக்க வராது என்று பொய் சொன்னேன். உண்மையில் எந்த எழுத்தும் தெரியாது. ஆங்கிலம் அறியாத அவள், தட்டோடு வந்த பாட்டுத் தாளை நீட்டி அர்த்தம் கேட்பாள். கடலுக்குப் போனவன் மனைவியை நினைத்துப் பாடுகிறான் என்று வாசிப்பது போலச் சொல்வேன்.

இன்று ரெஜினா அந்தத் தாளை வாசித்துச் சொன்னாள். ஊதாப் பூனை ஒன்று மணிக்கூட்டுக்குள் குடியிருக்கிறதாம். சிரித்துச் சிரித்து இருமினேன்.

"அம்மாக்குத் தெரியும், அப்பா. ஒவ்வொருக்காவும் நீங்க வேற கதை சொல்லுவீங்களாம். அதுக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்டவ. ஷீ லவ்ட் இட்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளே என் கையைப் பிடித்து எழுதப் பழக்கியிருப்பாள். அவளுக்கு ஒரு கடிதமாவது எழுதியிருப்பேன். போன வருடம் போய்விட்டாள்.

தட்டின் மற்றப் பக்கத்துப் பாட்டுகளை வாசிக்க வேண்டாம் என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டேன். அவற்றுக்கு நான் பிலோமினாவிடம் சொன்ன கதைகளை அடுத்த கிழமை இதில் எழுதுவேன். ஒன்றுக்கு எத்தனை கதை சொன்னேனோ, அத்தனையும்.