சப்பாத்தின் நாக்குக்குக் கீழே

உன் பெட்டியருகே குனிந்து நான் குலுங்கிக் குலுங்கி அழுததாகக் கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை. உன்னிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அழவில்லை. உன் வலது சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் பொலிஷ் மணம் மூக்கில் ஏறியதும் கை தானாகப் போய்விட்டது. முடிச்சு இறுகிப்போயிருந்ததால் பல்லால்தான் இழுக்கவேண்டியிருந்தது. உன் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பாவம், சின்ன வயசில இருந்து கூட்டாளிமார்" என்று விம்மினார். யாரோ எனக்கு ஒரு சோடா கொண்டுவந்து தந்தார்கள். குடித்தேன். பிணத்தின் சப்பாத்தைக் கடித்துவிட்டு உபசாரம் பெற்றவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏன், முகத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். உயிரோடு இருந்தபோதே அதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. நீயும்தான் எவர் முகத்தைப் பார்த்தாய்? பகலெல்லாம் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக் வேலை, பொய் கேட்டுக் கேட்டு அலுப்பு. பின்னேரமானால் கலியாண வீடுகளிலும் செத்தவீடுகளிலும் ஆண்களின் சப்பாத்துகளைப் பார்த்து அலுப்பாறுவாய்.

பழைய சப்பாத்துக்கு வயது சொல்ல இந்த நாட்டில் பெரிய வித்தை தேவையில்லை, அரசாங்கமே வேலையைச் சுலபமாக்கி வைத்திருக்கிறது என்பாய். உள்ளே 'சிலோன்' என்று முத்திரை இருந்தால் எழுபத்திரண்டில் நாட்டின் பெயர் மாறுவதற்கு முந்தியது. 'ஸ்ரீலங்கா' என்றிருந்தால் பிந்தியது. எழுபதுகளில் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த வருடங்களில் பிறந்ததென்றால் உள்ளூர்த் தோல், அரைகுறைத் தையல். அடியைப் பார்த்து வயது சொல்பவன் மடையன், ஏனென்றால் அடி மாற்றலாம், குதியும் மாற்றலாம். நாடாவுக்குக் கீழே இருக்கும் நாக்கைத் தூக்கிப் பார்க்கவேண்டும். வெயில் படாத பழைய நிறமும் அழியாத முத்திரையும் அங்கேதான் இருக்கும். "முகத்தை ஆரும் கழுவலாம் மச்சான்," என்பாய், "சப்பாத்தின்ட நாக்குக்குக் கீழ ஒருத்தனும் கழுவுறேல்ல."

ஒரு முறை மட்டக்குளியில் ஒரு செத்தவீடு. எழுபதுகள் முழுவதையும் லண்டனில் கழித்ததாக ஒரு பெரியவர் அளந்துகொண்டிருந்தார். அவர் கழற்றி வைத்திருந்த சப்பாத்தை நீ ஒரு தரம் புரட்டினாய். 'ஸ்ரீலங்கா' முத்திரை, உள்ளூர்த் தோல், அரைகுறைத் தையல். "ஐயா லண்டனில இருந்த காலத்தில இந்தச் சப்பாத்து மட்டும் மட்டக்குளியில இருந்திருக்கு" என்றாய். அந்த மனிதர் அதன்பிறகு செத்தவீடுகளுக்குச் செருப்போடுதான் வந்தார். நான் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த முறை யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் என்னோடு வெள்ளவத்தைக்குப் பெண் பார்க்க வந்தாய். அந்தப் பெண்ணை நான் ஏற்கனவே ஒரு திருநாளில் பார்த்து, பூசையில் பாதியைக் கோட்டை விட்டவன். எனக்கு வேண்டியது அவள்தான், வேறு எவளும் இல்லை. ஆனால் தலையில் மயிர் இல்லை, சட்டைப்பையில் சல்லி இல்லை. குடும்பப் பெருமையாவது இருக்கட்டுமே என்று புறக்கோட்டை நடைபாதையில் ஒரு பழைய சோடிச் சப்பாத்து வாங்கி மாட்டிக்கொண்டேன்.

வாசலில் பெண்ணின் பெரியப்பா குனிந்து பார்த்தார். "நல்ல சப்பாத்து தம்பி. இப்ப இப்பிடி எங்க எடுக்கிறது?"

"என்ட அப்பப்பாட சப்பாத்து அங்கிள். சுதந்திரம் கிடைச்ச அண்டைக்குப் போட்டவர்."

கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். அதாவது நான் உட்கார்ந்தேன். நீ இன்னும் வாசலிலேயே நின்றாய். அவள் சிற்றுண்டித் தட்டோடு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல என் வலது சப்பாத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நீ உள்ளே வந்தாய்.

"மச்சான், உன்ட அப்பப்பா எப்ப செத்தவர்?"

"அதை வையடா."

"அறுபத்தஞ்சில எல்லோ? இதில ஸ்ரீலங்கா எண்டு அடிச்சிருக்கு. செத்து ஏழு வருசத்துக்குப் பிறகு எழும்பிக் கடைக்குப் போய் அளவு பார்த்து வாங்கியிருக்கிறார். கெட்டிக்கார மனுசன்."

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையை வாசித்தார். பெண்ணின் தாயார் வாசித்தார். அவளும் வாசித்தாள். அந்த வீட்டில் எல்லோரும் படித்தவர்கள்.

மூன்றாம் நாள் தரகர் வந்து, பிள்ளை மேலே படிக்கப் போகிறதாம் என்றார். நான் உன்னைத் திட்டினேன். "முத்திரையை நானோ அடிச்சனான்?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு எனக்கு எவரும் பெண் பேசவில்லை. பேசியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். அவளைத் தவிர வேறொருத்தியை என்னால் நினைக்க முடியவில்லை. அதை உன்னிடம் சொன்னபோது, "அப்ப நீ சமையல் பழகலாம்" என்றாய். பழகினேன்.

இருபத்தைந்து வருடங்கள் நான் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன். 'அப்பா அறுபத்தெட்டில் வாங்கினது' என்று பீற்றிக்கொண்டு திருநாட்களில் நீ போடும் அந்தச் சோடி. அதை ஒரு வாசலிலும் கழற்றமாட்டாய். கழற்றச் சொல்லும் வீடுகளுக்குச் செருப்போடு வருவாய். அதன் நாக்கிலும் 'ஸ்ரீலங்கா'தான் இருக்கும், கள்ளன் ஒருநாள் பிடிபடுவான் என்று நம்பிக்கொண்டே உயிர் வாழ்ந்தேன். கடைசியில் நீயே நீட்டி நிமிர்ந்து, கால் அசைக்காமல், எனக்காகப் படுத்துக்கொடுத்தாய்.

முடிச்சு அவிழ்ந்தது. நாக்கைத் தூக்கினேன். 'சிலோன்'. நேற்று அடித்ததுபோலத் தெளிவு.

செத்த பிறகும் நீ சரியாக இருப்பது என்ன நியாயம்? கோபத்தில் நாடாவைத் திரும்பக் கட்டாமலே விட்டுவிட்டேன். ஒற்றைக் கால் அவிழ்ந்தபடியேதான் உன்னைப் புதைத்திருக்கிறார்கள். மேலே போய்த் தடுக்கி விழுந்தாயானால் மகிழ்ச்சி.

உன் நோய் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. எந்த வீட்டு வாசலிலும் யாரும் பார்க்காதபோது நாக்கைத் தூக்கிப் பார்க்கிறேன். வயது தவறுவதில்லை. சொல்லிக் காட்டத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

உன் செத்தவீட்டில் நான் அந்தச் சோடாவைக் குடித்து முடித்தபோது அவள் வந்தாள், வெள்ளவத்தைக்காரி. கணவர் புதுக்கடையில் வழக்காடுகிறவர், உன்னைத் தெரியுமாம். நரை, கண்ணாடி, அதே சிரிப்பு. இத்தனை வருடத்துக்குப் பிறகு வாய் சும்மா இருக்குமா? பெட்டியைக் காட்டி, "இவன்ட வாயாலதான் எங்கட விசயம் குழம்பினது" என்றேன்.

அவள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "ஆ, அந்தச் சப்பாத்துக் கதையா? இல்லையே அண்ணா. அதுக்கு முதல் கிழமையே என்ட அவருக்கு ஓம் சொல்லியாச்சு. நீங்க வாற அண்டைக்குக் கட்லட்டுக்கு ஓடர் குடுத்திட்டம் எண்டுதான் உங்களை வர வேண்டாமெண்டு மறிக்கேல்ல."