பத்து மதிப்பெண் படம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மகளும் நலம். முகவரி கேட்டிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, அது உனக்கும் தெரிய வேண்டாம். மாப்பிள்ளை உன்னிடம் வந்து மிரட்டினாலும் நீ பொய் சொல்ல வேண்டியிருக்காது. தபால் பெட்டி எண்ணுக்கே எழுது.

அவள் தையல் கடைக்குப் போகிறாள். யாராவது கதவைத் தட்டினால் மட்டும் இன்னமும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். மொட்டை மாடியில் அவள் நிற்கும் படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுப் பெண் எடுத்து அச்சிட்டுக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அடிக்குத் தப்பி ஓடி வந்த நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. தாய்மாமன் நீ பார்க்காமல் யார் பார்ப்பது?

உன் அக்கா

ஜூன் 29

அன்புள்ள அக்கா,

படத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். மாப்பிள்ளை இருமுறை கல்லூரிக்கே வந்து கேட்டார். தெரியாது என்றேன்.

‘இணையத்தில் பொறுப்பான குடிமக்கள்’ என்ற பாடத்தை இந்த வருடம் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அறுபது பேர். எது வந்தாலும் நம்பி நாலு பேருக்கு அனுப்பும் கூட்டம். தேர்வில் ஒரு கேள்வி: ஒரு படத்தை வைத்தே அது எடுக்கப்பட்ட இடத்தைக் கண்டுபிடி. இணையத்தில் உள்ள படம் என்றால் தேடிப் பார்த்துக் காப்பியடித்துவிடுவார்கள். எங்கும் வெளிவராத படம் வேண்டியிருந்தது. நீ அனுப்பியதையே போட்டேன். பயப்படாதே, முகத்தை மறைத்துவிட்டேன்.

ஒரு மாணவி பத்தொன்பது நிமிடத்தில் தெருவையே சொல்லிவிட்டாள்! தண்ணீர்த் தொட்டி, பாதி தெரிந்த பள்ளிக்கூடப் பலகை, நிழல் விழுந்த திசை என்று எல்லாவற்றையும் பிடித்துவிட்டாள். எனக்கே புல்லரித்தது. தொட்டியிலிருந்து மூன்றாவது வீடு, சரிதானே அக்கா?

உன் தம்பி

ஜூலை 6

தம்பி,

உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், கேள். சமன்பாட்டில் ஒரு எண்ணை மறைத்து வைக்கிறோம். மறைத்ததால் அது தொலைந்தா போகிறது? சுற்றி நிற்கும் எண்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நீ முகத்தை மட்டும் மறைத்திருக்கிறாய், கண்ணு.

படமோ விடையோ எங்கே இருந்தாலும் இன்றே எடுத்துவிடு. வேறு வீடு தேடுகிறேன். மாதக் கடைசிக்கு முன்னால் கிடைக்காது போலிருக்கிறது.

உன் அக்கா

ஜூலை 11

அன்புள்ள அக்கா,

பதறாதே. ஒரு சின்னச் சிக்கல். தேர்வு முடிந்தால் கேள்வியையும் விடைக்குறிப்பையும் கல்லூரியின் இணையதளத்தில் பதினைந்து நாள் வைத்தே ஆகவேண்டும். மதிப்பெண்ணில் குறை இருந்தால் மாணவர்கள் கேட்கலாம். அது அவர்கள் உரிமை. பொறுப்பைப் பாடமாக நடத்துகிறவனே விதியை மீறினால் நன்றாகவா இருக்கும்? இன்னும் ஐந்தே நாள். அந்தப் பக்கத்தை எங்கள் பிள்ளைகளைத் தவிர எவன் பார்க்கப்போகிறான்?

உன் தம்பி

ஆகஸ்ட் 2

தம்பி,

ஜூலை பதினைந்தாம் தேதி மாப்பிள்ளை வந்தார். உன் பெயரைப் போட்டு வாராவாரம் இணையத்தில் தேடுவாராம். முகம் தெரியாமலே அவளை அடையாளம் கண்டுகொண்டாராம். கையில் உன் விடைக்குறிப்பு. தொட்டிக்கு இரண்டு மதிப்பெண், பலகைக்கு மூன்று, நிழலுக்கு ஐந்து.

“உங்க தம்பி நல்லா சொல்லிக் குடுத்திருக்காரு அத்தை. என்னை மாதிரி மக்குக்கே புரிஞ்சிடுச்சுன்னா பாத்துக்கோங்க” என்று சிரித்தார். என்னைச் சமையலறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். “இந்தக் கை இருக்கிறதாலதானே என்னை விட்டுட்டு வந்தே? தையி, பாக்கலாம்” என்று சொன்னது கேட்டது. பிறகு கேட்டதை எழுத மாட்டேன்.

அவரைப் போலீஸ் பிடித்துவிட்டது. அவளுடைய இரண்டு கைகளிலும் விரல்கள் இனி மடங்காது என்கிறார் டாக்டர்.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வர நினைத்தேன், இடைப்பருவத் தேர்வு நடக்கிறது.

நடந்ததில் யாருக்காவது நல்லது விளைய வேண்டாமா? துறைத்தலைவரிடம் சொன்னேன். அடுத்த பருவம் இதையே பாடமாக வைக்கலாம், இதைவிட அழுத்தமான உதாரணம் கிடைக்காது என்கிறார். யார் பெயரும் வராது. ‘ஓர் ஆசிரியர் அறியாமல் செய்த பிழை’ என்று மட்டும் இருக்கும். போன தடவை கேட்காமல் செய்தேன். இந்த முறை முறைப்படி ஒப்புதல் படிவம் அனுப்பியிருக்கிறேன். அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லி, மாதக் கடைசிக்குள் கிடைக்கும்படி அனுப்பு.

உன் தம்பி

ஆகஸ்ட் 27

தம்பி,

படிவம் வந்தது. கிழிக்கப் போனேன். அவள் விடவில்லை.

“கிழிக்காதம்மா. மாமா தாராளமா நடத்தட்டும். ஆனா யாரோ ஒரு ஆசிரியர்னு சொல்லி நழுவக் கூடாது. ‘நான்தான் செஞ்சேன், அவ என் அக்கா மக’ன்னு அறுபது பேர் முன்னால நின்னு சொல்லணும். வாய் வரலேன்னா நடத்த வேண்டாம்.”

அதைப் படிவத்தின் அடியில் அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கையெழுத்துக் கேட்டிருந்தாய். பேனா பிடிக்க முடியாது. கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரல் நுனியில் நான்தான் மை தடவி அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை அழுத்த எனக்கு மனம் வரவில்லை. ரேகை சரியாக விழவில்லை.

அவளுடைய அம்மா