தோல் போர்த்திய ஸ்பீக்கர்கள்

மழை விட்ட மறுநாள் அலமாரியைத் திறந்தபோது முதலில் வந்தது வாசனைதான். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த ஆட்டுத்தோலின் வாசனை. ஆம்பூரில் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடித்தட்டில், பழைய துண்டுக்குள், அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தன. முகப்பில் நீ ஒட்டிய தோல் ஓரங்களில் சுருண்டு வெள்ளை படிந்திருந்தது.

"தூக்கிப் போடுங்களேன். அந்தக் கம்ப்யூட்டரே போயி எவ்ளோ காலமாச்சு" என்றாள் என் மனைவி. போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, துடைத்து மறுபடி உள்ளேயே வைத்தேன்.

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. உயிரோடு இருந்தபோதே நமக்குள் பாதி நாள் பேச்சில்லை. ஒரே பள்ளியில் படித்தோம். நீ பத்தாவதோடு தோல் தொழிற்சாலைக்குப் போய் மேஸ்திரி ஆனாய். நான் எம்.ஏ. முடித்துவிட்டு அதே தொழிற்சாலையின் ஆபீசில் ஏற்றுமதிக் கடிதங்கள் தட்டச்சு செய்தேன். மேனேஜர் இடம் காலியானபோது முதலாளி என்னைப் பற்றி உன்னிடம்தான் கேட்டார். "நல்லா படிச்சவன், ஆனா வாய் ஜாஸ்தி" என்றாயாம். அதை அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் நின்று நீயே ஒப்பித்தாய்.

"உள்ளதத்தானடா சொன்னேன். உன் மூஞ்சிக்கு நேராவும் சொல்றேன் பாரு."

அந்த இடம் முதலாளியின் மைத்துனர் மகனுக்குப் போனது. அவனுடைய ஆங்கிலத்தை இன்றுவரை நான்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக இதை மன்னித்துவிட்டதாக நினைக்காதே.

அப்படிப்பட்ட உன்னை வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டு நாற்காலியில் உட்காரவைக்க வேண்டி வந்தது உன் மகள் ஸ்டெல்லாவால். நர்சிங் முடித்து வளைகுடாவில் வேலைக்குப் போயிருந்தாள். போன் பேச்சு கட்டுப்படியாகாது; இன்டர்நெட் வழியாகப் பேசலாம் என்றாள். நம் தெருவில் அது என் வீட்டில் மட்டும்தான் இருந்தது. "அங்கிள், அப்பா அங்க வந்து பேசட்டுமா?" என்று அவள் கேட்டபோது மறுக்க முடியவில்லை. கோபம் உன்மேல்தான், அவள்மேல் இல்லையே.

ஆனால் உனக்குக் காது இல்லை. தோல் ஊறிச் சுழலும் அந்தப் பெரிய மர டிரம்களுக்குப் பக்கத்தில் வாலிபம் முழுக்க நின்றதில் அது போய்விட்டது. சீழ் வடியும் காதில் ஹெட்போன் மாட்டக்கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரோடு இனாமாக வந்த ஸ்பீக்கர்களோ சோப்புப் பெட்டி அளவுதான்; முழுதாகத் திருகினாலும் கொசு முனகும். நீ முகத்தை அவற்றில் ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவாய்.

"இன்னாடா சொல்றா?"

"சாப்டியான்னு கேக்கறா" என்று உன் இடது காதில் கத்துவேன்.

"சாப்ட்டேன்னு சொல்லு."

"நீயே சொல்லேன். காதுதானே போச்சு, வாய்க்கு இன்னா கேடு?"

ஸ்டெல்லா அங்கே சிரிப்பாள். அவள் சிரிக்கிறாள் என்பதையும் நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் இப்படியே போனது. அலுத்துவிட்டது எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சிரிக்கவில்லை. "அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும் அங்கிள்" என்றாள்.

"சொல்லும்மா, நான் சொல்றேன்."

ஏதோ ஆரம்பித்து, பாதிச் சொல்லில் நிறுத்தினாள். பிறகு, "இல்ல அங்கிள். ஒண்ணும் இல்ல" என்றாள். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"அழறாளாடா?" என்று கேட்டாய். லைன் சரியில்லை என்றேன். நீ நம்பவில்லை. "எனக்குச் சொல்ல வேண்டியத உன்கிட்ட எப்படிடா சொல்வா?" என்றாய்.

இரண்டு நாள் கழித்து வேலூருக்குப் போனோம். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடைக்காரர், தனியாகக் கரண்டில் ஓடும், உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த ஸ்பீக்கர்களை வரிசையாக எடுத்து வைத்தார். "இந்த சப்வூஃபர் செட்ட எடுத்துக்குங்க சார், வீடே அதிரும்" என்றார்.

"அதிர்ற சத்தம் நான் கேட்டது போதும்பா. எனக்குப் பேச்சு கேக்கணும்."

அவர் சினிமாப் பாட்டு போட்டார். நீ கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாய். "பாட்டு வேணாம். நீயே மைக்ல பேசு."

"நான் இன்னா சார் பேசறது?"

"சாப்டியான்னு கேளு. மாத்திரை போட்டியான்னு கேளு. என் பொண்ணு அதான் கேப்பா."

கடைக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு ஜோடிக்கும் நீ கண்ணை மூடிக் கேட்டாய். கடைசியில் விலை குறைந்த ஒரு ஜோடியில், சத்தத்தின் கூர்மைக்கு என்று தனியாக இருந்த திருகை முழுக்கத் திருப்பியபோது, "மாத்திர போட்டேன்" என்று பதில் சொன்னாய். அதையே வாங்கினோம்.

அதோடு விட்டிருக்கலாம். உன்னால் முடியாது. வெறும் கறுப்பு பிளாஸ்டிக் பார்க்க நன்றாக இல்லை என்று வீட்டுக்கு எடுத்துப் போய், முகப்பு முழுக்க உயர்ந்த ஆட்டுத்தோல் ஒட்டி வியாழன் மாலை கொண்டுவந்தாய். என் மனைவி மைக்கில் பேசிப் பார்த்தாள். கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. எனக்கே சொல் பிடிபடவில்லை.

"தோல் மூச்சு விடும்டா" என்றாய், பரிதாபமாக.

"மூச்சு விடும். பேசுமா? பிய்டா அத."

"ஷூவுக்குப் போடற சொல்யூஷன்ல ஒட்டிட்டேன். பிய்ச்சா முகப்பே உடைஞ்சிடும்."

இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரியம் செய்யமாட்டான் என்று திட்டினேன். நீ முகப்புகளைக் கழற்றி, வெயில்காலச் செருப்புக்குத் துளை போடும் உளியை வாங்கிவந்து, என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து நெருக்கமாகத் துளைகள் போட்டாய். ஒவ்வொரு வரிசைக்கும் நூல் பிடித்தாய். அவசரத்திலும் உனக்கு வரிசை கோணக்கூடாது.

மறுநாள் அவள் குரல் அறை முழுக்க வந்தது. "அப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா." உன் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "நல்லா கேக்குது. நீ சொல்லு."

பழக்கத்தில் நான் உன் காதருகே குனிந்தேன். நீ திரும்பாமலே உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை தாழ்த்தினாய். யார் பேசுவதும் கேட்காத டிரம் கொட்டகையில், ஓட்டத்தை நிறுத்து என்று ஆட்களுக்குக் காட்டும் சைகை அது. நிறுத்திக்கொண்டேன். மனைவியையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் கேட் அருகிலும் குரல் கேட்டதால் தெருமுனைவரை போய் நின்றோம்.

வெகுநேரம் கழித்து நீ வந்தாய். "வர்றேன்டா" என்றாய்.

ஒப்பந்தம் முடியும் முன்பே ஸ்டெல்லா ஊர் திரும்பினாள். கேட்டவர்களிடம் வேலை பிடிக்கவில்லை என்றாய். அத்தனை மாதம் உங்கள் ஒவ்வொரு சொல்லையும் சுமந்த என்னிடமும் அதையேதான் சொன்னாய். அதுவும் உன்மேல் உள்ள கோபத்தில் சேர்ந்தது.

டீக்கடையில் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். நீ பக்கத்தில்தான் நின்றாய். "இவர் பொண்ணு ஏன் சார் பாதியில வந்துட்டுச்சு? அங்க எதனா பேஜாரா?"

"உனக்கு இன்னாபா அதப் பத்தி? டீய குடிச்சிட்டு கெளம்பு."

நீ எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாய். "இன்னாடா கேட்டான்?"

"மழை வருமான்னு கேட்டான்."

நீ வானத்தைப் பார்த்து, "வராது" என்று அவனுக்குப் பதில் சொன்னாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று, எல்லோரும் போன பிறகு ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அங்கிள், அன்னைக்கு நான் அப்பாகிட்ட சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்மா. அது உங்கப்பா கேட்டது" என்றேன்.

இன்னும் சிலர் அவளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வதில்லை. தெரியாது என்றால் இன்னொருவனிடம் போய்க் கேட்பார்கள். கேள்வி என்னோடு நிற்கட்டும் என்று வள்ளென்று விழுகிறேன். உன்மேல் உள்ள கோபம் குறையவில்லை. அதையும் வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லப்படாத அந்தப் பேச்சுக்கும் காவல் நிற்கிறேன்.