கரை நாடாவைத் தள்ளும் ஆள்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். நேற்று மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது, கால் இன்னும் வலி.

ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தை கைடு சார் திருப்பிவிட்டார். ‘பட்டுத் தறியில் பெண்கள் உழைப்பு’ என்ற தலைப்பின் மேலேயே சிவப்புக் கோடு. "ஒரு தறிக்கு ஒரு நெசவாளிதாம்மா. மத்ததெல்லாம் வீட்டு ஒத்தாசை. ஒத்தாசையை வச்சு எம்.ஏ. வாங்க முடியாது." அந்த அத்தியாயத்தை நீக்கினால்தான் கையெழுத்து. கையெழுத்து இல்லையென்றால் இந்த வருஷம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது.

வயிறு எரிகிறது! எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைச் சேலை, உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்ப்பது. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்குத் தனியாக ஒன்று. உடலை நெய்வது அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவது அம்மா. அவள் தள்ளாவிட்டால் கரை ஏது, சேலை ஏது? அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்றாள்.

வாங்க: கார்பன் பேப்பர், தைலம், து. பருப்பு.

மார்ச் 6, வியாழன்

ஆய்வுக்காகத் தெருவில் மறுபடி வீடு வீடாக. எதிர்வீட்டு ராணி அக்காவிடம் கேட்டேன், என்ன வேலை செய்கிறீர்கள் என்று. கை ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வாய் சொல்கிறது: "எனக்கின்னா வேலைம்மா, சும்மாதான் குந்திக்கினு இருக்கேன்."

அடிப்பாவி! சாருக்கல்லவா சாட்சி சொல்கிறாள்.

"இப்ப நூல் சுத்தறியேக்கா, இது வேலை இல்லியா?"

"அட இதுவா! இது எல்லார் ஊட்லயும் இருக்கிறதுதானே."

எழுத ஓடவில்லை. நோட்டை மூடி வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சார் வீட்டுக்கு வந்தார். அவர் மகள் கல்யாணச் சேலை எங்கள் தறியில்தான், அரக்கு உடல், பச்சைக் கரை. பார்த்துவிட்டு, "உங்கப்பாவையே கேட்டுடுவோமே" என்றார். அம்மாவும் அப்பாவும் தறியில்.

"இதை எத்தனை பேர் நெய்யறீங்க?"

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "நான் ஒண்டியாத்தான் சார். எல்லாம் இந்தக் கைதான்."

பாழாய்ப் போன ரோஷம்! வெளியாள் முன்னால் பெண்டாட்டி கையைச் சொல்லிவிட்டால் இந்தத் தெரு ஆம்பிளைகளுக்குத் தலை கழன்று விழுந்துவிடுமா? அம்மா நாடாவைக் கீழே வைத்தாள். எழுந்து போய் சாருக்குக் காப்பி போட்டாள். சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

தறி சத்தமே இல்லை. அம்மா அந்தப் பக்கம் போவதில்லை. அப்பா கூப்பிட்டால், "ஒண்டியாத்தானே நெய்யறீங்க? நெய்யுங்க." அவ்வளவுதான். சோறு, குழம்பு எல்லாம் நேரத்துக்கு வருகிறது.

அப்பா கரைக்கு வேறு ஆள் தேடினார். அவரவர் வீட்டில் அவரவர் தறி, யார் வருவார்? என்னைக் கெஞ்சினார்: "நீயாவது உங்கம்மாகிட்ட சொல்லுமா." சொல்லமாட்டேன். பாவமாகவும் இருக்கிறது, நன்றாக வேண்டும் என்றும் இருக்கிறது.

நாலாம் அத்தியாயத்தை நீக்கவில்லை. நீக்கவும் போவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடி சார். தறியைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. "என்னங்க இது, போன வாரம் பார்த்த இடத்துலயே நிக்குது? கல்யாணம் நெருங்குதே!"

"ஆள் இல்ல சார்."

"ஒண்டியா நெய்யறதாச் சொன்னீங்களே?"

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அது சும்மா சொன்னது சார். கரை நெய்யறது என் சம்சாரம். அது வந்து குந்தினாத்தான் தறி ஓடும்."

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "சரி சரி, அவங்களைக் கூப்பிடுங்க."

உள்ளேயிருந்து அம்மா குரல், எனக்கு:

"வரேன். உங்கப்பா இப்ப சொன்னதை உங்க சாரு எழுதிக்கினாரான்னு மொதல்ல கேளுமா."