இந்தப் பிள்ளையாவது

அலன், விடிய எழும்பினதும் திரும்பவும் இரத்தம் பட்டிட்டு. பக்கத்து வீட்டு மார்கிறட் அக்காவோட ஆட்டோவில ஆஸ்பத்திரிக்குப் போறன். நீங்க வாவியில மீன்பிடிக்கப் போயிட்டீங்க, போன் எடுபடுதில்ல. சோறும் மீனாணமும் அடுப்படியில மூடிக் கிடக்கு.

உங்கட உடம்பில குரோமோசோம் எண்ட நிறமூர்த்தம் ரெண்டில துண்டுகள் இடம்மாறிக் கிடக்கு, அதாலதான் கரு தங்குதில்ல எண்டு டொக்டர் சொன்ன நாளில இருந்து நீங்க என்ட முகம் பார்க்கிறதில்ல. நேத்து, "என்னை விட்டுட்டு வேற ஆளைக் கட்டு புள்ள" எண்டீங்க. கரு தங்காதது நீங்க செஞ்ச பிழையில்ல, அலன். நல்ல பிள்ளையும் பிறக்கலாம் எண்டு அதே டொக்டர்தான் சொன்னவர்.

சாப்பிட்டுட்டு வாங்க.
மேர்லின்

வேணாம், சாப்பிட நிக்காதீங்க. அப்படியே வாங்க. இந்தப் பிள்ளைக்கும் துடிப்பு இல்லையெண்டு சொன்னா, அதைத் தனியக் கேட்க என்னால ஏலாது.