எட்டாவது கால் எங்கே இருக்கிறது

என்னங்க,

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு ஆறு மணி ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிடாமல் இருக்காதீர்கள். கோபம் என் மேல்தானே, இட்லி மேல் இல்லையே.

நேற்று “இன்னாடி, டூப்ளிகேட் ஐசி வாங்கினு வந்துட்டே” என்று கத்தினீர்களே, அது டூப்ளிகேட் இல்லை. விடியற்காலையில் மாதா கோயில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தேன். நீங்கள் மைன்ஸில் சுரங்கத்தின் லெவல்களை எண்ணுகிற மாதிரி, ஐசி சிப்பின் எட்டுக் கால்களையும் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே எண்ணியிருக்கிறீர்கள். எட்டாவது காலுக்குப் போக வேண்டிய சப்ளை வயர் ஐந்தாவது காலில் நிற்கிறது.

ஐசியின் தலையில் பிறை மாதிரி சின்ன வெட்டு இருக்கும். அதை மேலே வைத்துப் பாருங்கள். இடது பக்கம் சுரங்கத்துக்குள் ஆட்களோடு இறங்குகிற கூண்டு, உங்கள் கேஜ்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வலது பக்கம் ஏறுகிற கேஜ்: அடியில் ஐந்து, உச்சியில் எட்டு. ஒன்றும் எட்டும் எதிரெதிரே நிற்கும்.

வலது பக்க வயர் நாலையும் மாற்றிவிடுங்கள். பத்து மணிக்குப் பாடகர் குழு சகாயம் அண்ணன் வருவார். “ஆயிடுச்சிண்ணா, எடுத்துனு போங்க” என்று தைரியமாகச் சொல்லுங்கள். நாளைப் பூசைக்கு மைக் பேசும்.

கரோலின்

மறந்துவிட்டேன்: சாக்கெட்டில் இருக்கும் ஐசி கருகியிருக்கும். புதுசு ஒன்று டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால், ஃபாயிலில் சுற்றி வைத்திருக்கிறேன். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் நானும் இப்படித்தான் எண்ணி, ஒரு போர்டையே கருக்கினேன். உங்களிடம் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு ஐசி வாங்கின அன்றைக்கே இரண்டாக வாங்கி வந்தேன்.