ஆறுமுகம் கலைக்காத வரி

12-8-1981, புதன்

வேலையைப் பர்மனென்ட் ஆக்கக் கேட்டு மில்லின் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் அடிக்கச் சொன்ன நோட்டீஸ். அடியில் என் அச்சகத்தின் பெயர் வேண்டாம் என்று எழுத்துக் கோக்கும் ஆறுமுகத்திடம் படித்துப் படித்துச் சொன்னேன். அச்சடித்து முடித்ததும் மற்ற ஈய எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டாலும், எல்லா நோட்டீஸுக்கும் வேண்டியிருப்பதால் அந்த ஒரு வரியை மட்டும் அவன் கலைப்பதே இல்லை. நேற்றும் பழக்கத்தில் அப்படியே ஓட்டிவிட்டான், பாவி.

இன்று காலை ஷிஃப்டில் நோட்டீஸ் கைமாறியது. மத்தியானம் கான்ட்ராக்டரின் அடியாட்கள் அச்சகத்துக்குள் இருந்தார்கள்.

“எவன்டா எழுத்து கோத்தவன்?”

“நான்தாங்க,” என்றான் ஆறுமுகம். “வவுத்துப் பொழப்புங்க.”

நேற்றைய எழுத்து இன்னும் பூட்டியிருந்த ட்ரெடில் மெஷினுக்குள் இரண்டு பேர் அவன் கையை விட்டுப் பிடித்தார்கள். ஒருவன் மிதியை மிதித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

“இன்னும் அடிச்சிக்கினு இருந்தீங்கன்னா, அடுத்து தலைய வுட்டு மிதிப்போம்.”

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் மெஷின்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் வேட்டியால் அவன் ரத்தத்தைத் துடைத்தேன். இடவலம் திருப்பிக் கோத்திருந்த ஈய எழுத்து அவன் உள்ளங்கையில் நேராகப் பதிந்திருந்தது. என் அச்சகத்தின் பெயர். துடைக்கத் துடைக்கத் தெளிவாக வாசிக்க முடிந்தது.